டாக்டர் வரட்டும்

ஆர்வோ லாம்பி கதவை மறித்துக்கொண்டு நின்றார். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது, இன்னொரு கையில் செல்போன். தாழ்வாரத்தில் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்க க்ளென் பெரோ நின்றுகொண்டிருந்தான்.

"நீ உள்ள வர வேணாம். டாக்டர் வரட்டும்" என்றார் ஆர்வோ.

"சொல்லி அனுப்பியிருக்கேன், மிஸ்டர் லாம்பி. கீழ எமர்ஜென்சியில இருக்காங்க, வந்துருவாங்க. அதுக்குள்ள நான் ஒரு தடவ அவங்க நெஞ்ச மட்டும் கேட்டுட்டு..."

"டாக்டர் வரட்டும்னேன்."

க்ளென் தலையை ஆட்டினான். ஆனால் போகவில்லை. எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். அப்படிக் காத்திருந்தது ஆர்வோவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எதிர்த்துப் பேசியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். பின்னால் அறைக்குள் அவர் மனைவி வெர்னாவின் முகத்தில் கட்டியிருந்த முகமூடிக்குள் இயந்திரம் காற்றை அடித்துக்கொண்டிருந்தது. ஊதுவதும் நிற்பதும், ஊதுவதும் நிற்பதுமாக அந்தச் சத்தம் அவர் முதுகில் வந்து இடித்தது.

நேற்று மாலை வரை ஆர்வோ அவனை டாக்டர் என்றுதான் நினைத்திருந்தார். அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. வெர்னாவை மூச்சுத் திணறலோடு கொண்டுவந்து சேர்த்த நாளிலிருந்து காலையிலும் மாலையிலும் வந்து பார்த்தவன் அவன்தான். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டான். காலை அமுக்கி வீக்கம் பார்த்தான். மருந்தைக் கூட்டினான், குறைத்தான், எதற்கென்றும் சொன்னான். நல்ல உயரம், நரைக்கத் தொடங்கிய தாடி. முதல் நாளே தன் பெயரையும் வேலையையும் சொல்லித்தான் கை குலுக்கினான். அன்றைக்கு இருந்த பதற்றத்தில் ஆர்வோவின் காதில் பெயர் மட்டும்தான் விழுந்தது. அவனோடு சில வேளை குள்ளமாக ஒரு பிலிப்பினோப் பெண்மணி வருவார். அவரை ஆர்வோ நர்ஸ் என்று நினைத்தார். முதல் நாள் அவரிடம் இன்னொரு கம்பளி கேட்டார். அவரும் ஒன்றும் சொல்லாமல் போய்க் கம்பளி கொண்டுவந்து, வெர்னாவின் பாதங்களைச் சுற்றிச் செருகிவிட்டுப் போனார். அவர்தான் டாக்டர் ரோசாரியோ.

வெர்னா எப்போதுமே ஆட்களைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள். இருபது வருஷத்துக்கு மேல் தொடக்கப்பள்ளிச் சமையலறையில் இருந்தவள். க்ளென்னை இரண்டாம் நாள் உற்றுப் பார்த்துவிட்டு, பெரோ வீட்டில் கடைசிப் பையனா என்று கேட்டாள். ஆமாம் என்றான். பட்டாணியைத் தட்டுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு எழுந்து போகிற பையன் நீதானே என்றாள். க்ளென் காது சிவக்க அதையும் ஒப்புக்கொண்டான். மூச்சு முட்டுகிற நிலையிலும் அவள் சிரித்தாள். ஊர்ப் பையன் ஒருவன் டாக்டராகித் திரும்பி வந்திருக்கிறான் என்று ஆர்வோவுக்குக் கூடப் பெருமையாக இருந்தது. ஏரிக்கரையில் செம்புச் சுரங்கம் மூடிப் பல காலம் ஆன ஊர் அது. அங்கிருந்து போகிறவர்கள் உண்டு, வருகிறவர்கள் இல்லை.

பிறகு நேற்று மாலை மகள் டார்லா அரிசோனாவிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, அந்த டாக்டர் பேரு என்னன்னு சொன்ன? நான் ஆஸ்பத்திரியோட இணையதளத்துல பாத்தேன். அவர் டாக்டரே இல்லப்பா. நர்ஸ் பிராக்டிஷனர்னு போட்டிருக்கு."

"அப்படின்னா?"

"நர்ஸா இருந்து மேல படிச்சவங்க. மருந்தெல்லாம் எழுதலாம். ஆனா டாக்டர் இல்ல. இத்தன நாளா அம்மாவ ஒரு நர்ஸ்தான் பாத்துக்கிட்டிருக்காரு, நீ அதக் கூடக் கேக்காம இருந்திருக்க."

டார்லா அதைக் கோபமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டு சொன்னாள். விமானம் நாளை மறுநாள் மதியம்தான் வந்து சேரும் என்றாள். ஆர்வோவுக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. அறையின் நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நேற்றுவரை அன்பாகத் தெரிந்ததெல்லாம் இப்போது அரைகுறையாகத் தெரிந்தது. இன்னும் ஏதோ ஒரு மருந்து இருக்கிறது, அது டாக்டருக்குத் தெரியும், இந்த அரை டாக்டருக்குத் தெரியவில்லை, இவ்வளவு நாளும் அதைக் கேட்காமல் விட்டது நான்தான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. விடிந்தபோது அது ஏறக்குறைய நம்பிக்கையாகவே மாறியிருந்தது. தப்பு நடந்திருந்தால் அதைத் திருத்திவிடலாம் அல்லவா.

டாக்டர் ரோசாரியோ படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. க்ளென்னையும் கதவை மறித்து நிற்கும் ஆர்வோவையும் பார்த்தார். என்ன நடந்தது என்று யாரையும் கேட்கவில்லை.

"க்ளென் இல்லாம உங்ககிட்டத் தனியாப் பேசணும்" என்றார் ஆர்வோ.

டாக்டர் தலையசைத்து, தாழ்வாரத்தின் கோடியில் இருந்த ஜன்னல் பக்கம் நடந்தார். ஆர்வோவும் பின்னால் போனார். திரும்பிப் பார்த்தபோது கதவில் ஆள் இல்லை. க்ளென் உள்ளே போய் வெர்னாவின் மேல் குனிந்திருந்தான். கதவை விட்டு வந்ததற்கு ஆர்வோவுக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் பனி விழுந்துகொண்டிருந்தது. மார்ச் மாதத்துப் பனி, ஈரமானது, கனமானது. ஆர்வோ தன் ஆயுசில் பாதியை அந்தப் பனியோடுதான் கழித்திருந்தார். கவுன்டி நிர்வாகத்தின் பனி ஒதுக்கும் லாரியை ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். எவ்வளவு கொட்டினாலும் கிளம்பிப் போய் ஒதுக்கத் தெரியும். அவர் ஒதுக்காத பனி என்று அந்த வட்டாரத்தில் ஒன்று கிடையாது.

"அவனுக்குத் தெரியாதது உங்களுக்கு என்ன தெரியும்? அதச் சொல்லுங்க டாக்டர்" என்றார்.

டாக்டர் ரோசாரியோ கொஞ்சம் யோசித்தார். மழுப்புவதற்காக யோசிப்பதாகத் தெரியவில்லை, நிஜமாகவே கணக்குப் பார்ப்பது போலிருந்தது.

"நெறைய இருக்கு. அவருக்குத் தெரிஞ்சு எனக்குத் தெரியாததும் இருக்கு. ஆனா வெர்னா விஷயத்துல எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது ஒண்ணுதான், மிஸ்டர் லாம்பி. இதயம் ஓஞ்சுக்கிட்டு வருது. அதனால சிறுநீரகமும் நின்னுக்கிட்டு வருது. நுரையீரல்ல தண்ணி ஏறுது. தண்ணிய எடுக்கக் குடுக்கிற மருந்துக்கு உடம்பு கேக்க மாட்டேங்குது."

"அவன் சொன்னதையே சொல்றீங்க."

"ஆமா."

"நீங்க ரெண்டு பேரும் எல்லாத்துக்கும் ஒத்துப் போயிடுவீங்களா?"

"இல்ல. முந்தாநாள் ஒத்துப் போகல."

ஆர்வோ நிமிர்ந்தார். கயிற்றின் நுனி கிடைத்துவிட்டது போலிருந்தது அவருக்கு. டாக்டர் சொன்னார். இதயத்தை முடுக்கிவிடும் ஒரு மருந்தை நரம்பில் ஏற்றிப் பார்க்கலாம் என்று அவர் நினைத்தாராம். வெர்னாவின் உடம்பு தாங்குமா என்று க்ளென் சந்தேகப்பட்டானாம். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று வெகு நேரம் பேசியிருக்கிறார்கள். கடைசியில் ஏற்றிப் பார்த்தார்கள். அதனால்தான் முந்தாநாள் வெர்னா எழுந்து உட்கார்ந்தாள், சூப் குடித்தாள், தலை வாரிவிடச் சொன்னாள்.

"அப்புறம் ராத்திரி இதயத் துடிப்பு தாறுமாறா ஆயிடுச்சு. நிறுத்த வேண்டியதாப் போச்சு. அவர் பயந்தது சரி. குடுத்துப் பாத்ததும் தப்பில்லன்னு அவரே சொல்றார்."

அந்த நல்ல நாளில்தான் ஆர்வோ டார்லாவைக் கூப்பிட்டு, அம்மா தேறிவிட்டாள், அவசரப்பட்டு வராதே, வார இறுதியில் மெதுவாக வா என்று சொல்லியிருந்தார்.

"மில்வாக்கிக்குக் கொண்டு போறேன். பெரிய ஆஸ்பத்திரி. அங்க இதுக்குன்னே டாக்டருங்க இருக்காங்க."

"நேத்து அவங்ககிட்டப் பேசியாச்சு. காலையில க்ளென் பேசினார். மத்தியானம் நான் ஒரு தடவ பேசினேன்." டாக்டர் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வேற யாராவது ஃபோன எடுத்தா வேற பதில் கெடைக்குமான்னு பாத்தேன். அதே பதில்தான். வழியில தாங்க மாட்டாங்க, வந்தாலும் செய்யறதுக்கு ஒண்ணுமில்லன்னாங்க."

ஆர்வோவுக்கு ஏனோ டோய்னி கிழவியின் ஞாபகம் வந்தது. பனி லாரியில் எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். ஆர்வோ ஓட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து, பனியைத் தள்ளும் ஓரத்து இரும்பு அலகை ஏற்றி இறக்குவது ரெய்னோ. வருஷக்கணக்காகச் சேர்ந்து ஓட்டியதில் வாய் பேச வேண்டியதே இருக்காது. ஆர்வோ வேகத்தைக் குறைக்கும்போதே ரெய்னோவின் கை நெம்புகோலுக்குப் போய்விடும். அவர்கள் ஒதுக்கிய பனி டோய்னி வீட்டு வாசலை அடைத்துவிடும் என்று அந்தக் கிழவி நடுரோட்டில் நின்று லாரியை நிறுத்துவாள். முதலில் ஆர்வோவின் ஜன்னலுக்கு வந்து கத்துவாள். பனி எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும் என்பார் ஆர்வோ. உடனே வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் ரெய்னோவின் ஜன்னலைத் தட்டுவாள். அவனும் அதையேதான் சொல்வான். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு ஏமாற்றுகிறீர்கள் என்று சபிப்பாள். அந்தக் கதையை ஆர்வோ எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறார். இப்போது சிரிப்பு வரவில்லை. கிழவி வண்டியைச் சுற்றி வருகிறபோது அவள் முகம் எப்படி இருந்தது என்பதுதான் கண்முன் வந்தது.

"அப்ப குழாயப் போடுங்க. தொண்டையில போட்டு மெஷின்ல வைங்க. நாளைக்கு டார்லா வர்ற வரைக்குமாவது" என்றார்.

டாக்டர் அறையின் பக்கம் திரும்பி, "வாங்க, அவங்ககிட்டயே பேசுவோம்" என்றார்.

உள்ளே க்ளென் வெர்னாவின் தலையணையை உயர்த்தி வைத்திருந்தான். முகமூடியின் பட்டை அழுத்திய இடத்தில் கன்னம் புண்ணாகாமல் இருக்கத் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தான். டாக்டர் எதுவும் சொல்லும் முன்பே அவன் நகர்ந்து இடம் விட்டான். டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் கை நீட்டுவதற்குள் க்ளென் முகமூடியைத் தளர்த்தி, மூக்குக்கு மெல்லிய குழாய் ஒன்றை மாட்டியிருந்தான். யாரும் யாரையும் ஏவவில்லை.

வெர்னாவின் உதடுகள் நீலமாக இருந்தன. கண்கள் மட்டும் அவளுடையவை.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். தொண்டையில் குழாய் போட்டு இயந்திரத்தில் வைத்தால் சில நாள் கிடைக்கலாம். தூக்க மருந்து கொடுத்துத்தான் வைத்திருக்க முடியும். குழாயை மறுபடி எடுக்கிற நிலை வரும் என்று தோன்றவில்லை. போடாவிட்டால் மூச்சுக்குச் சிரமம் தெரியாமல் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வோம். இன்றைக்கே கூட முடிந்துவிடலாம்.

"குழா வேணாம்" என்றாள் வெர்னா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். "க்ளென்கிட்ட... சொல்லிட்டேனே."

ஆர்வோ க்ளென்னைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். இருவரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"எப்ப சொன்ன?"

"நேத்து. நீ சாப்பிடப் போனப்ப."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

வெர்னா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபத்திலும் சிரிப்பிலும் எத்தனையோ காலமாக அவர் பார்த்துப் பழகிய பார்வைதான்.

"சொன்னா நீ சண்டைக்கு நிப்ப. எனக்குத் தெம்பு இல்ல, ஆர்வோ."

கட்டிலின் ஒரு பக்கம் டாக்டர் உட்கார்ந்திருந்தார், க்ளென் நின்றிருந்தான், நடுவில் வெர்னா. மறுபக்கம் ஆர்வோ மட்டும் தனியாக நின்றிருந்தார். இவ்வளவு நாளும் அந்த மூன்று பேரும் ஒரு வண்டியில் போய்க்கொண்டிருந்தது போலவும், தான் மட்டும் ரோட்டில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தது போலவும் இருந்தது. சண்டை போட மாட்டேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அது பொய் என்று வெர்னாவுக்குத் தெரியும்.

"டார்லா நாளைக்கு வந்துருவா" என்றார் கடைசியில்.

"தெரியும்." வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள். "ஃபோன்ல குடு."

அவர் செல்போனைத் தலையணை மேல் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு வெளியே வந்தார். தாயும் மகளும் பேசுவதைக் கேட்கும் துணிவு அவருக்கு இல்லை. டாக்டரை மறுபடி கீழே கூப்பிட்டார்கள். போகும் முன் அவர் க்ளென்னிடம் மூச்சுச் சிரமத்தைத் தணிக்கும் மருந்தின் பெயரைச் சொல்லி, "சின்ன அளவுலேருந்து ஆரம்பிக்கலாமா?" என்றார். க்ளென் அரை வாக்கியத்தில் ஏதோ சொன்னான். டாக்டர் மீதி அரை வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

தாழ்வாரத்தில் க்ளென் ஆர்வோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"நேத்து சாயங்காலமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். தானே சொல்றேன்னாங்க, மூணு நாலு வாட்டி ஆரம்பிச்சும் பாத்தாங்களாம். முடியல. காலையில டாக்டரும் நானும் கூட இருக்கறப்ப சொல்றேன்னு கேட்டுக்கிட்டாங்க. அதுக்குத்தான் வந்தேன்."

ஆர்வோ தலையாட்டினார். காலையில் அவர் கதவில் நின்றிருந்தார்.

"அவ வேற என்ன சொன்னா?"

க்ளென் தயங்கினான். "உங்களுக்குச் சமைக்கத் தெரியாதுன்னாங்க."

"தெரியும்" என்றார் ஆர்வோ. பிறகு, "முட்ட மட்டும்" என்றார்.

க்ளென் மருந்து எடுக்கப் போனான்.

அந்தப் பகல் நீண்டுகொண்டே போனது. முகமூடியைக் கழற்றி, இயந்திரத்தை நிறுத்தி ஓரமாகத் தள்ளிவைத்தார்கள். அது நின்றதும் அறையில் வந்த அமைதி ஆர்வோவுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நாளும் எரிச்சலூட்டிய சத்தம்தான். இப்போது அதை யாராவது மறுபடி போட்டால் தேவலை போலிருந்தது. க்ளென் சின்ன ஊசிக்குழலில் மருந்து ஏற்றினான். வெர்னாவின் தோள்கள் இறங்கின. நெற்றிச் சுருக்கம் போயிற்று. ஆர்வோ அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வீங்கிய கை, மோதிரம் விரலை இறுக்கியிருந்தது. ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர் உடம்பு துடித்துக்கொண்டே இருந்தது. கம்பளியை இழுத்துவிட்டார். ஜன்னல் திரையை மூடினார், பிறகு திறந்தார். தண்ணீர்க் குவளையை நகர்த்திவைத்தார். தேவாலயத்திலிருந்து யாரையாவது வரச் சொல்லட்டுமா என்று ஒரு நர்ஸ் கேட்டதற்கு வேண்டாம் என்றார். பிறகு ஏன் வேண்டாம் என்றோம் என்று யோசித்தார்.

க்ளென் அவ்வப்போது வந்து பார்த்தான். ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று, வரலாமா என்பது போல் ஆர்வோவைப் பார்த்தான். டாக்டரும் இடையில் ஒரு முறை வந்தார். அவர் கையில் கடித்த சாண்ட்விச் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். வெர்னாவின் மூச்சைக் கவனித்தார். ஒன்றும் மாற்றவில்லை. மாற்றுவதற்கு எதுவுமே இல்லை என்பதை ஆர்வோ டாக்டரின் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். மருந்துக் குழாயின் மேல் போய்த் தங்கிய கை, எதையும் தொடாமல் திரும்பி வந்தது. இவ்வளவு படித்த கை. காலையில் அவர் அந்தக் கையைத்தான் நம்பிக் காத்திருந்தார்.

டார்லாவிடமிருந்து இன்னொரு முறை ஃபோன் வந்தது. விமானத்தை முன்னால் மாற்ற முடியவில்லை என்றாள். டாக்டர் என்ன சொன்னாங்க என்று கேட்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணுதாம்மா சொல்றாங்க" என்றார் ஆர்வோ.

அதோடு வைத்துவிட்டார்கள்.

வெளிச்சம் சரிகிற நேரத்தில் வெர்னாவின் மூச்சு இடைவெளி விட ஆரம்பித்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆர்வோவும் மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். அவளுடையது வந்ததும் அவரும் விட்டார். கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே சேர்ந்து போனார்கள். ஒரு கட்டத்தில் அவருக்குத் தாங்க முடியாமல் மூச்சை இழுத்துவிட்டார். அவள் இழுக்கவில்லை.

அவர் யாரையும் கூப்பிடவில்லை. கையைப் பிடித்தபடியே இருந்தார். க்ளென் தானாகத்தான் வந்தான். வாசலில் நின்றான், பார்த்ததும் புரிந்துகொண்டான். இந்த முறை உள்ளே வராமல் அங்கேயே நின்றான்.

"டாக்டரக் கூப்பிடட்டுமா, மிஸ்டர் லாம்பி? பக்கத்துலதான் இருக்காங்க."

ஆர்வோ திரும்பிப் பார்த்தார். அவன் நிஜமாகவே கேட்டான். கூப்பிடு என்றால் கூப்பிட்டிருப்பான்.

"வேணாம். நீங்களே பாருங்க" என்றார்.

க்ளென் உள்ளே வந்தான். ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் சூடாக்கினான். பிறகு வெர்னாவின் நெஞ்சில் வைத்துக் கேட்டான். வெகு நேரம் கேட்டான். தேவைக்கு அதிகமான நேரம் என்று ஆர்வோவுக்குத் தோன்றியது. டோய்னி கிழவியைப் போல அவனும் வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போய்ப் பார்க்கிறான் போலும். நிமிர்ந்தபோது கடிகாரத்தைப் பார்த்தான், நேரத்தைச் சத்தமில்லாமல் தனக்குள் சொல்லிக்கொண்டான். டாக்டர் ரோசாரியோ எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று, கம்பளியின் மேலாக வெர்னாவின் பாதத்தில் கையை வைத்திருந்தார். மூன்று பேருக்கும் செய்ய எந்த வேலையும் இல்லை. ஆனாலும் யாரும் முதலில் போகவில்லை.

கிளம்பும்போது ஒரு நர்ஸ் சின்ன பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றை ஆர்வோவிடம் கொடுத்தாள். மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றியிருந்தார்கள். கூடவே வெர்னாவின் காது கேட்கும் கருவிகள் இரண்டும் இருந்தன. அவற்றைப் பார்த்து ஆர்வோ கொஞ்சம் நின்றார். கடைசிவரை அவை காதில்தான் இருந்திருக்கின்றன. காலையில் கதவில் நின்று அவர் போட்ட சத்தமெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். கிண்ணத்துக்கு மூடி சரியாகப் பொருந்தவில்லை. மோதிரத்தைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு, கருவிகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே பனி நின்றிருந்தது. யாரோ வந்து நிறுத்துமிடத்தை ஒதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். ஓரத்தை ஒழுங்காகச் சீவவில்லை. ஆர்வோ காரைக் கிளப்பி ஏரிக்கரை ரோட்டில் போனார். பாலத்தைத் தாண்டியபோது எங்கிருந்தோ மெல்லிசாகக் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. ரேடியோவைப் பார்த்தார், அணைந்திருந்தது. ஹீட்டரை நிறுத்திப் பார்த்தார். சத்தம் கோட்டுப் பையிலிருந்து வந்தது. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் அந்தக் கருவிகள் அப்படித்தான் கத்தும். பேட்டரியின் சின்னக் கதவை நகத்தால் நெம்பித் திறந்துவிட்டால் நின்றுபோகும். வெர்னாவின் விரல்கள் வீங்கிப்போனதிலிருந்து அதைத் திறந்து மூடுவது அவருடைய வேலைதான்.

அவர் பைக்குள் கையை விட்டார். கருவிகளின் மேல் கையை வைத்துக்கொண்டே, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டினார். உள்ளங்கை மூடியதும் சத்தம் இன்னும் கூடியது. வீடு வருகிறவரை அதைக் கேட்டுக்கொண்டே போனார்.